ஆணியில் தொங்கிய தாலி

அகத்தா கடையைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை தாலியைக் கழற்றுவது.

சாமி படத்துக்குப் பூப் போடுவது, ஊதுவத்தி கொளுத்துவது எல்லாம் பக்கத்துத் தையல்கடை புஷ்பவள்ளியின் வேலை. அகத்தா சங்கிலியைத் தலைவழியே எடுப்பாள். சிலுவை பொறித்த தாலி அதில் ஊசலாடும். வேலைமேசைக்குப் பின்சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டுவாள். அடுத்து மோதிரம். அடுத்து வளையல். எல்லாம் போன பிறகுதான் திருப்புளியைத் தொடுவாள்.

சுங்கைப்பட்டாணி பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் இருந்தது அந்த டிவி ரிப்பேர்க் கடை. முன்பக்கம் முழுக்கத் திறப்பு. சாலையில் போகிற வருகிறவர்களுக்கு மேசையும் தெரியும், ஆணியும் தெரியும்.

"அக்கா, அந்த ஆணியையாவது கொஞ்சம் உள்ள தள்ளி அடிக்கக் கூடாதா? பாசாருக்குக் காய்கறி வாங்கப் போற பொம்பளைங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுத்தான் போவுதுங்க" என்பாள் புஷ்பவள்ளி.

"பார்க்கட்டும். ஒளிச்சு வச்சா திருட்டுச் சாமான்னு நினைப்பாங்க."

"என்னையப் பிடிச்சுக் கேக்குறாங்கலா. அந்த வேதக்காரப் பொம்பளைக்குப் புருஷன் இருக்கானா இல்லையான்னு."

"சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லு. லோரியோட வந்து நிப்பாரு. தொட்டுப் பார்த்துக்கட்டும்."

சொன்னபடியே வந்து நிற்பார் சில்வெஸ்டர். சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து ரப்பர் பால் ஏற்றிப் போகிற டாங்கி லோரி அவருடையது. அவர் வருவதற்கு முன்னால் ஒட்டுப்பால் நாற்றம் வந்துவிடும். லோரியிலிருந்து குதித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"நான் இப்ப எங்க இருக்கேன்? கழுத்துலயா, ஆணியிலயா?"

"ஆணியிலதான். இருங்க, தூசி தட்டிட்டுப் போட்டுக்கிறேன்."

"தட்டு, தட்டு. ஒரு நாளைக்கு மறந்துட்டு வீட்டுக்குப் போயிடாத. ராத்திரி பூரா நான் இங்க தனியாத் தொங்கணும்."

அந்த ஆணியை அடித்ததே அவர்தான்.

அகத்தா இந்தப் பழக்கத்தைக் கடைக்காகக் கண்டுபிடிக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், பிறை என்ற ஊரில் ஒரு டிவி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலையில் தோட்டத்து முச்சந்திக்குக் கம்பெனி பஸ் வரும். அங்கே சோதனைப் பகுதி வாசலில் ஒரு தகர டப்பா இருந்தது. மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மலாய்ப் பெண்கள் போட்டார்கள். சீனப் பெண்கள் போட்டார்கள். கல்யாணமான தமிழ்ப் பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். கழற்ற மாட்டோம் என்றவர்களை அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதிக்கு அனுப்பினார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அட்டைப்பெட்டி யாரையும் அடிக்காது.

அகத்தா ஒரு நாள் தவணை கேட்டாள். வீட்டுக்கு வந்து சில்வெஸ்டரிடம் சொன்னாள். அவர் யோசிக்கவே இல்லை.

"நீ பெட்டிய மடிக்கப் போறியா, திறக்கப் போறியா?"

மறுநாள் தகர டப்பாவில் தாலி விழுந்தது. முன்னால் நின்ற தமிழ்ப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அகத்தா உள்ளே போனாள்.

உள்ளே கற்றுக்கொண்டதுதான், பிறகு சொந்தக் கடை போட்டபோதும், அவள் தொழில். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் டிவி செத்துவிட்டது என்று நினைக்கிறவன் ஒரு நாள் தானே செத்துப்போவான். படக்குழாய் ஒரு கண்ணாடிப் பானை. ஆயிரக்கணக்கான வோல்ட் அதற்குள் உட்கார்ந்திருக்கும், சத்தம் போடாமல். குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில்தான் அந்த மின்சாரத்தின் வாசல். திருப்புளியின் தண்டில் ஒரு கம்பியைக் கட்டி, கம்பியின் மறுமுனையைப் பெட்டியின் உலோகச் சட்டத்தில் கவ்வ வைத்து, திருப்புளியின் நுனியைத் தொப்பிக்கு அடியில் மெல்ல நுழைக்க வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம். அத்துடன் எழுந்து போய்விடக் கூடாது. சற்றுப் பொறுத்து மறுபடியும் தொட வேண்டும். காலியான குழாயில் மின்சாரம் கொஞ்சம் திரும்ப ஊறி நிற்கும்.

மின்சாரம் ஓடும்போதே பார்க்க வேண்டிய பழுதுகளும் உண்டு. அப்போது ஒரு கைதான் வேலை செய்யும். மறு கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையையும் நீட்டினால் மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும், நடுவில் நெஞ்சு இருக்கிறது. கழுத்தில் உலோகம் தொங்கினால் அது மூன்றாவது கை. அந்தக் கைக்கு மூளை கிடையாது.

எண்பதுகளில் டாக்டர் வீடு, மரப்பட்டறை, தோட்டத்து ஆபீஸ் என்று கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கம்ப்யூட்டரின் மூளை எப்படி ஓடுகிறது என்று அகத்தாவுக்குத் தெரியாது. தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் மானிட்டர் வேறு. அது டிவிக்குத் தங்கச்சி. அதே குழாய், அதே தொப்பி, அதே கோபம். விற்றவர்கள் பினாங்கிலிருந்து வரத் தாமதித்தார்கள். சனங்கள் அகத்தாவிடம் வந்தார்கள். தாலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

எண்பத்தெட்டில், மழை தொடங்கிய நேரத்தில், சில்வெஸ்டருக்கு லோரியில் ஏற மூச்சு முட்டியது. இரண்டு படி ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வயசாவுதுலா" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவும் மூச்சு போதவில்லை. அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மெர்கோங்கில்தான் அவருடைய அக்கா கேதரின் வீடு. தாய் செத்தபோது சில்வெஸ்டர் கைக்குழந்தை. கேதரின்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தம்பியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சோறு வடித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அகத்தா எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இத்தனை வருசமா நான் உன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"இல்ல, அண்ணி."

"ஊரே பேசுச்சு. அலோர்ஸ்டார் வரைக்கும் வந்து பேசுச்சு. உன் தம்பி பொண்டாட்டி கடையில தாலியத் தொங்கப் போட்டு வேலை செய்யுறாளாமேன்னு. நான் வாயத் திறக்கல. அவன் ஏத்துக்கிட்டான், நமக்கென்னன்னு இருந்துட்டேன். இப்ப அவன் நெஞ்சுல வந்து நிக்குதே."

"அண்ணி, வால்வு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"ஏன் கெட்டுச்சுன்னு சொன்னாரா?"

டாக்டர் அதைச் சொல்லவில்லை. ஒரு பெட்டியில் எது கெட்டது என்று பார்த்தால் ஏன் கெட்டது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். மனுஷ நெஞ்சைத் திறந்து பார்க்க அகத்தாவை யாரும் விடப்போவதில்லை.

கேதரின் அழ ஆரம்பித்தாள். சண்டைக்காரி அழுகை இல்லை. குழந்தையைத் தொலைத்தவள் அழுகை.

"அவன் வீடு திரும்புற வரைக்கும். அவ்வளவுதான் கேக்குறேன். அதுக்கப்புறம் நீ அத ஆணியில மாட்டு, மரத்துல மாட்டு. மாதாவத் தொட்டுச் சொல்லு."

அகத்தா இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. ஆனால் துளிகூடப் பயமில்லை என்று அவளால் தனக்குள்ளே சொல்லிக்கொள்ள முடியவில்லை. மேசையில் இருந்த மாதா சுரூபத்தைத் தொட்டாள்.

"அவர் வீட்டுக்கு வர்ற வரைக்கும் கழட்ட மாட்டேன்."

அந்த வாரமே சுங்கை லாலாங் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி பழனியாண்டி ஒரு மானிட்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அகத்தாம்மா, எழுத்தெல்லாம் போச்சு. நடுவுல ஒரே ஒரு கோடு, பச்சையா. துரை வந்து பார்த்துட்டு, என்ன கிராணி, ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு வைக்கிற மெஷினா இதுன்னு கேக்குறாரு..."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

"அலாமாக், என் வாயில தீய வைக்க. சில்வெஸ்டர் எப்படிமா இருக்காரு?"

"இருக்காரு, கிராணியாரே. பெட்டிய மேசையில வைங்க. கோட்டப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா, அணைச்சீங்களா?"

"உடனே அணைச்சுட்டேன்."

"நல்லது. ஒரே இடத்துல வெளிச்சம் விழுந்துக்கிட்டே இருந்தா திரையில தழும்பு விழுந்துடும்."

மேலும் கீழுமாக எழுத்தை விரிக்கிற பகுதியில்தான் பழுது. சூட்டில் ஈயப் பற்று ஏதாவது விட்டுப்போயிருக்கும். சின்ன வேலை. இதைவிட மோசமானதை அகத்தா எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

அவள் வளையலைக் கழற்றினாள். மோதிரத்தைக் கழற்றினாள். கை பழக்கத்தில் கழுத்துக்குப் போய், அங்கே நின்றது. பிறகு சங்கிலியை ரவிக்கைக்குள் திணித்து, வெளியே வராமல் ஒரு ஊக்கால் குத்திக்கொண்டாள்.

பின்மூடியைத் திறந்தாள். குழாயை ஒரு தரம் தொட்டு, பொறுத்து, மறு தரமும் தொட்டுக் காலி செய்தாள். மூன்று இடங்களில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல வெடிப்பு. உருக்கிப் புதிதாய்ப் பற்றவைத்தாள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரை அந்தப் பக்கம் இருக்கும், அவள் இந்தப் பக்கம் நிற்பாள். அதற்காகத் திரைக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திவைப்பாள். பின்னால் நின்றபடியே அதில் எழுத்தைப் பார்க்கலாம். அன்று எழுத்து விரிந்து வந்தது, மேல் ஓரம் மட்டும் மடங்கியிருந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையில் பிளாஸ்டிக் குச்சியோடு, திருகைத் தேடிக் குனிந்தாள்.

ஊக்கு விட்டது.

சங்கிலி நழுவி வெளியே விழுந்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த உலோகத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கிடந்தது. வெள்ளையாய் ஒரு வெளிச்சம். வெடிச்சத்தம். அகத்தா தன்னையறியாமல் உடம்பைப் பின்னால் வெட்டி இழுத்தாள். முழங்கை குழாயின் பின்முனையில் இடித்தது. கண்ணாடி முறிந்து, ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. கடை இருண்டது.

புஷ்பவள்ளி ஓடி வந்தாள்.

"என்னையத் தொடாத! பிளக்கப் பிடுங்கு முதல்ல!" என்று தரையில் உட்கார்ந்தபடியே கத்தினாள் அகத்தா.

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் புஷ்பவள்ளி அவள் கழுத்தைப் பார்த்தாள். பிடரியிலும் பக்கவாட்டிலும் சங்கிலி கிடந்த இடமெல்லாம் ஒரு கோடு, சிவப்பாக, கண்ணி கண்ணியாக. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே திட்டினாள்.

"புருஷன் பொழைக்கணும்னு பொண்டாட்டி சாகணுமா? இது எந்த ஊரு கணக்குக்கா? நானும் மஞ்சக்கயிறு கட்டினவதான். மெஷின்ல மாட்டுனா அத்துக்கிட்டு ஓடுவேன்லா!"

அகத்தா தண்ணீருக்குக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். வாக்குக் கொடுத்தது அவள். ஊக்குக் குத்தியது அவள். இத்தனை வருஷம் தெரிந்திருந்ததை ஒரு ஊக்கை நம்பிக் கைவிட்டதும் அவள்.

மறுநாள் பழனியாண்டி வந்தபோது மூடி மறைக்கவில்லை. "கோடு சரியாயிடுச்சு, கிராணியாரே. ஆனா குழாய் போச்சு. என் முழங்கை. வேற குழாய் தேடிப் போட்டுத் தர்றேன். இப்ப இல்ல. அவர் வீட்டுக்கு வந்ததும்."

"துரை கேட்டா?"

"நான் உடைச்சேன்னு சொல்லுங்க. நானே போட்டுத் தருவேன்னும் சொல்லுங்க."

கடையை இழுத்து மூடினாள். தாலியோடு இனி வேலை செய்யக் கூடாது. வாக்குக் கொடுத்ததால் கழற்றவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது பூட்டு.

ஆஸ்பத்திரியில் சில்வெஸ்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அகத்தா முந்தானையைக் கழுத்தோடு சுற்றியிருந்தாள். அவர் விரலை நீட்டி முந்தானையை இழுத்தார்.

"இது என்னா?"

சொன்னாள். ஊக்கு வரைக்கும் எல்லாம் சொன்னாள்.

"அக்காகிட்டயா வாக்குக் கொடுத்த?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பாவம், அது பயந்து கிடக்கு. நீ எதுக்குப் பயந்த?"

"தெரியல."

"கடை?"

"பூட்டிட்டேன்."

"அப்ப நான் அடிச்ச ஆணியில இப்ப பல்லிதான் தொங்குதா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"நீங்க வீட்டுக்கு வாங்க. மறுநாளே திறக்கிறேன்."

"வரலன்னா?"

அகத்தா அவர் போர்வையைச் சரி செய்தாள்.

"இங்க பாரு. அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தியே, எனக்கும் ஒண்ணு கொடு. வரலன்னாலும் திற."

கையை நீட்டினார். அவள் அதில் கையை வைத்தாள். அந்தக் கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அவர் வரவில்லை. ஒரு மத்தியானம், சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் உருண்டு வந்துகொண்டிருந்தபோது, போய்விட்டார். அகத்தா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சங்கிலி ஆறாத புண்ணின்மேல் உறுத்திக்கொண்டு கழுத்தில் கிடந்தது. தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது தாலி அவர் கையில் பட்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

தோட்டத்து வீட்டில் சவப்பெட்டியை வைத்தார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க வந்திருந்தது. லோரிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். செபமாலை சொல்லி முடித்ததும் கேதரின் தம்பியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நடுவில் அது பேச்சாக மாறியது.

"கழட்டிக் கழட்டிப் போட்டியே... ஆணியில மாட்டி மாட்டி என் புள்ளையக் கொன்னுட்டியே..."

எல்லோரும் அகத்தாவைப் பார்த்தார்கள். அவள் தலை குனிவாள் என்று எதிர்பார்த்தார்கள். அகத்தா எழுந்து நின்றாள். முந்தானையைக் கழுத்திலிருந்து இறக்கினாள். சங்கிலி தெரிந்தது. அதன் அடியில் அதே மாதிரி இன்னொரு சங்கிலி, சதையில், கருத்து.

"அண்ணி, நல்லாப் பாருங்க. உங்களுக்கு வாக்குக் கொடுத்த நாள்ல இருந்து நான் இதக் கழட்டல. என் உசுரு போகப் பார்த்துச்சு, அப்பவும் கழட்டல. அவர் போன நேரத்துல இது என் கழுத்துலதான் கிடந்துச்சு. பதிமூணு வருசம் தினமும் கழட்டினேன், அவர் லோரி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. கழட்டாம இருந்தேன், போயிட்டாரு. இதுல நான் எதச் செஞ்சு அவரக் கொன்னேன்? சொல்லுங்க."

கேதரின் கருத்த தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியின் முகத்தைத் தடவத் தொடங்கினாள்.

பெட்டியை மூடுகிற நேரம் வந்தது. வழக்கப்படி நான்கைந்து விதவைப் பெண்கள் அகத்தாவைச் சுற்றி வந்தார்கள். தாலியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட வேண்டும். ஒருத்தி கையை நீட்டினாள். மருதம்மாள், நல்ல மனுஷிதான்.

"கை வைக்காதீங்க, மருதம்மாக்கா."

"வழக்கம் தாயி. நாங்களும் அப்படித்தான் நின்னோம்."

"இத எப்பக் கழட்டணும், எப்ப மாட்டணும்னு இத்தனை நாளும் எனக்குத் தெரிஞ்சுச்சு. இனிமேலும் தெரியும்."

"புருஷன் இல்லாத கழுத்துக்கு இது எதுக்குமா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

அகத்தா திரும்பவில்லை. பெட்டியை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடினார்கள். தாலி வெளியேதான் இருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அகத்தாவும் கடையைத் திறந்தாள். பட்டர்வொர்த்தில் பழைய சாமான் கடையில் அதே மாதிரியான உடைந்த மானிட்டர் ஒன்று கிடைத்திருந்தது. உடம்பு நொறுங்கியது, குழாய் நல்லது. அதையும் கிராணியாரின் பெட்டியையும் மேசையில் வைத்தாள். பிறகு முகம் சாலையைப் பார்க்க நின்று, சங்கிலியைத் தலைவழியே எடுத்து, திரும்பி ஆணியில் மாட்டினாள்.

காய்கறிப் பையோடு போன இரண்டு பெண்கள் நின்றார்கள்.

புஷ்பவள்ளி தையல் மெஷினை நிறுத்தினாள். "அக்கா, இனிமே என்னையக் கேட்டா நான் என்ன சொல்றது? அவருதான் இல்லையே, எதுக்குப் போட்டுக்கிட்டு வர்றா, எதுக்குக் கழட்டுறான்னு கேப்பாங்கலா."

"கழட்டினாத்தான் வேலை செய்ய முடியும். மாட்டினாத்தான் கழட்ட முடியும். அவ்வளவுதான்னு சொல்லு."

"சொன்னாப் புரியுமா?"

"புரியலன்னா உள்ள வரச் சொல்லு. மூடியத் திறந்து காட்டுறேன்."

அந்த இரண்டு பெண்களும் நகர்ந்தார்கள்.

பழைய குழாயைக் கழற்றினாள். பின்முனையைப் பிடித்துத் தூக்காமல் முகத்தைத் தாங்கித் தூக்கி, புதியதை உட்கார வைத்தாள். செப்புக் கம்பிச் சுருளை மாட்டினாள். மின்சாரம் கொடுத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எதிர்க் கண்ணாடியில் பச்சை எழுத்து எழுந்தது, கொஞ்சம் சாய்வாக. எழுத்துக்கு மேலே அவள் முகம். முகத்துக்குப் பின்னால் சுவர், ஆணி, தாலி.

சாய்வைச் சரி செய்ய வேண்டும். அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கம்பி கட்டிய திருப்புளியைத் தொப்பிக்கு அடியில் நுழைத்தாள். டப். முடிந்ததுபோல இருந்தது. பொறுத்தாள். மறுபடி தொட்டாள். சின்னதாக, டிக்.

சுருளைத் திருப்பி இறுக்கினாள். எழுத்து நேராக நின்றது.

பின்மூடியைப் பூட்டிய பிறகு பழனியாண்டி வந்து, பெட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு மணிக்கு அகத்தா ஆணியிலிருந்து சங்கிலியை இறக்கினாள். தூசி தட்டினாள். போட்டுக்கொண்டாள். பாசாருக்குப் போகிற கூட்டம் சாலையில் நிறைந்திருந்தது. கடையைப் பூட்டிவிட்டு, அவள் அதற்கு நடுவிலேயே நடந்தாள். சங்கிலியும் தழும்பும் தெரிய. முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.